மாவு அரைக்கும் அறைக்கு எந்தத் தரை?

கேள்வி: இட்லி மாவு அரைத்து பாக்கெட் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறோம். சிமென்ட் தளத்தின் மேல் எபாக்சி என்ற பிசின் பூச்சு அடித்தோம். எட்டே மாதத்தில் கிரைண்டர் பக்கம் தோல் உரிகிறது. மறுபடி எபாக்சியே அடிக்கலாமா, டைல்ஸ் ஒட்டலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். அதாவது, கிரைண்டர் அறைக்கு வேண்டாம். அரிசி மூட்டை அடுக்கும் அறையில் எபாக்சி நன்றாக இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள்.

சிந்திய மாவு தரையிலும் புளிக்கும். அந்தப் புளிப்பு லாக்டிக் அமிலம். அது சிமென்டில் இருக்கும் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டே போகும். வீட்டுச் சமையல் மேடையில் கடப்பா கல் மேல் எலுமிச்சைச் சாறு பட்ட இடம் வெளுத்துப் போவதைப் பார்த்திருப்பீர்கள், அதே கதைதான். கடப்பாவும் கோட்டாவும் சுண்ணாம்புக் கற்கள். யாராவது 'மலிவாக முடிச்சிடலாம்' என்று அவற்றைச் சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

அடுத்தது சுடுநீர். சாதாரண எபாக்சி 60 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே இளகத் தொடங்கும். சூடு பட்டால் கான்கிரீட்டை விட அதிகமாக விரியும். தினமும் கொதிநீர் ஊற்றி, உடனே பச்சைத் தண்ணீரும் விட்டால் எத்தனை நாள் ஒட்டிக்கொண்டிருக்கும்? டைல்ஸில் கல் தாங்கும், இடுக்கில் அடைத்த சிமென்ட் தாங்காது. அது அரித்ததும் மாவுத் தண்ணீர் அடியில் இறங்கும். அப்புறம் நாணயத்தால் தட்டினால் 'டொக்' என்று வெற்று ஓசை வரும். அமிலம் தாங்கும் டைல்ஸை ஒட்டி, இடுக்கில் சிமென்டுக்குப் பதில் எபாக்சி கிரவுட் (எபாக்சி கலவை) அடைத்தால் நிற்கும். ஆனால் அதற்குக் கைதேர்ந்த கொத்தனார் வேண்டும்.

உங்கள் அறைக்கு நான் சொல்வது பியூ கான்கிரீட், அதாவது பாலியூரித்தேன் பிசினும் சிமென்டும் மணலும் கலந்த தரைப்பூச்சு. 6 மி.மீ. கனம் போதும், நீராவி அடித்துக் கழுவுவதாக இருந்தால் 9 மி.மீ. இது கான்கிரீட்டோடு சேர்ந்தே விரியும், சுருங்கும். மேற்பரப்பு கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கட்டும். ரொம்பச் சொரசொரப்பாகிவிட்டால் மாவு பிடித்துக்கொண்டு துடைப்பத்துக்கு அசையாது. கையகல மாதிரித் துண்டு வாங்கி, மாவைத் தடவிக் காயவிட்டு, நீங்களே கழுவிப் பாருங்கள்.

பூச்சைவிட வாட்டம் முக்கியம் என்பேன். பத்தடிக்கு ஒன்றரை அங்குலமாவது இறக்கம் வேண்டும். ஒரு வாளி தண்ணீரைக் கொட்டி, கால் மணி நேரம் கழித்து எங்கே தேங்குகிறது என்று சாக்பீஸால் வட்டம் போடுங்கள். அந்த வட்டங்களைச் சரிசெய்யாமல் மேலே எதைப் பூசினாலும் வீண். சாக்கடை ஓட்டம் பாக்கெட் போடும் பக்கத்திலிருந்து அரிசி ஊறவைக்கும் பக்கம் போக வேண்டும். தயாரிப்பு நகரும் திசைக்கு எதிர்த்திசை. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 2011 உரிம விதிகளில், 4ஆம் அட்டவணை கேட்பதும் இதைத்தான். சுவரும் தரையும் சேரும் மூலையைச் சாய்த்து உருட்டிவிடுங்கள், பிரஷ் போகும்.

வேலைக்கு முன் இரண்டடிச் சதுர பாலிதீன் ஷீட்டைத் தரையில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். அடியில் வியர்த்திருந்தால் கீழிருந்து ஈரம் ஏறுகிறது. பழைய எபாக்சி உரிந்ததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். அதற்கேற்ற பிரைமர் போடச் சொல்லுங்கள். பழைய பூச்சையும் கான்கிரீட் மேலே படிந்த சிமென்ட் பாலையும் (வலுவில்லாத மெல்லிய ஏடு) மெஷின் வைத்துச் சுரண்டியே ஆக வேண்டும். ஆசிட் ஊற்றிக் கழுவினால் போதும் என்பவரை நம்ப வேண்டாம்.

ஒப்பந்தக்காரரிடம் ஒன்று கேளுங்கள்: சாக்கடை ஓரத்தில் காடி (நீளப் பள்ளம்) வெட்டுவீர்களா? பூச்சின் கனத்தைப்போல இரு மடங்கு ஆழத்தில் வெட்டி, பூச்சை அதற்குள் இறக்க வேண்டும். உரிதல் அந்த ஓரத்தில்தான் ஆரம்பிக்கும். கேள்வி புரியாமல் விழித்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

நடக்கிற அளவுக்கு ஒரு நாளில் இறுகிவிடும். சுடுநீர் மட்டும் ஒரு வாரம் வேண்டாம்.