பதில்: கம்பியில் புட்டி நழுவுகிறது, ஈட்டி வளைகிறது

வணக்கம் நண்பரே. 28 மி.மீ. உயரப் பொம்மை வீரர்களைச் செப்புக் கம்பியில் எபாக்சி புட்டி (இரு பாகங்களைப் பிசைந்தால் மெல்ல இறுகும் களிமண் போன்ற பொருள்) வைத்துச் செய்யும்போது புட்டி கம்பியைச் சுற்றி நழுவுகிறது, ஈட்டிகள் வளைகின்றன, மலைநாடு, ஆற்றுநாடு என்ற இரு நாட்டுப் படைகளும் மேசையில் ஒன்றுபோலத் தெரிகின்றன என்று கேட்டிருந்தீர்கள்.

வழவழப்பான ஒற்றைக் கம்பியில் புட்டிக்குப் பிடிமானம் கிடையாது. 0.5 மி.மீ. கம்பி இரண்டை முறுக்கி எலும்புக்கூடு செய்யுங்கள். மேலே மெல்லிய பூச்சு மட்டும் கொடுத்து ஒரு நாள் இறுக விடுங்கள். அதன் பிறகே தசை, அது இறுகிய பிறகே உடை. பலரும் அவசரப்படுவது இங்கேதான்: அடியில் இறுகாத புட்டி இருந்தால் உடையின் மடிப்பை அழுத்தும்போது உடம்பே நகர்ந்துவிடும். புட்டியை வடிவமைக்கும் கருவியைத் தண்ணீரில் லேசாக நனைத்தால் போதும். சொட்டச்சொட்ட நனைத்தால் அடுத்த அடுக்கு ஒட்டாமல் உரியும்.

ஈட்டிக்குச் செம்பு வேண்டாம், அது மென்மையான உலோகம் என்பதால் வளைந்துவிடும். 0.8 மி.மீ. எஃகுக் கம்பியை வெட்டி, நுனியைச் சுத்தியலால் தட்டையாக்கி அரத்தால் கூராக்குங்கள். வெட்டும்போது துண்டு தெறிக்கும், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். பொம்மையின் கையில் அதே அளவுத் துளையிட்டுச் செருகி ஒட்டுங்கள்.

நாடுகளைப் பிரித்துக்காட்ட நிறத்தைவிட நிழலுருவம் (தூரத்திலிருந்து தெரியும் வெளிக்கோட்டு வடிவம்) முக்கியம். மலைநாட்டாருக்கு உயர்ந்த கூம்புத் தொப்பி, ஆற்றுநாட்டாருக்கு அகன்ற விளிம்புத் தொப்பி, வட்டக் கேடயம் என்று முதலில் முடிவெடுங்கள். அந்த நாட்டில் என்ன கிடைக்கும் என்று யோசித்தாலே உடை தானாக அமையும்: ஆட்டு மந்தை உள்ள இடத்தில் கம்பளி, சதுப்பு நிலத்தில் நாணல் கேடயம். பிறகு நாட்டுக்கு ஒரே ஒரு முதன்மை நிறம்.