ரொட்டி வீடும் கட்டி வைத்த கிளையும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். என் மகளுக்கு எட்டு வயது. தினமும் தூங்கும் முன் ஒரு கதை சொல்லியாக வேண்டும். போன வாரம் ஹேன்சல், கிரெட்டல் கதையைச் சொன்னேன். பெற்றோரே பிள்ளைகளைக் காட்டில் விட்டுவிட்டு வருகிறார்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. விறகு பொறுக்கப் போன இடத்தில் வழி தவறிவிட்டார்கள் என்று மாற்றிக்கொண்டேன். காட்டில் ரொட்டி வீடு கட்டிப் பிள்ளைகளைத் தின்னக் காத்திருக்கும் கிழவியை அடுப்பில் தள்ளுவதும் சொல்லத் தகாததாகப் பட்டது. கிரெட்டல் அழுவதைப் பார்த்துக் கிழவி மனம் திருந்தினாள், இருவருக்கும் பலகாரம் கட்டிக் கொடுத்து அனுப்பினாள் என்று முடித்தேன். குழந்தை சிரித்துக்கொண்டே தூங்கிவிட்டாள்.

மறுநாள் இரவு விளக்கை அணைக்கப் போனபோது, "அந்தப் பாட்டி இப்போது எங்கே இருக்கிறாள்?" என்று கேட்டாள். அதே வீட்டில்தான் என்றேன். நான்கு நாட்களாக விளக்கை அணைக்க விடவில்லை. மனைவி என்னைக் கடிந்துகொள்கிறாள். குழந்தைகளுக்கு இத்தகைய இருண்ட கதைகள் தேவைதானா? நான் எங்கே தவறினேன்?

கே.

அன்புள்ள கே.,

நீங்கள் பலகாரம் கட்டிக் கொடுத்த இடத்தில் தவறினீர்கள். அந்தக் கிழவி ஆரம்பித்ததே பலகாரத்தில்தான். உங்கள் மகள் அதை மறக்கவில்லை, நீங்கள் மறந்துவிட்டீர்கள்.

ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் திரட்டிய நாட்டுப்புறக் கதைத் தொகுப்பில் 15ஆவது கதை இது. 1857இல் வந்த ஏழாவது பதிப்பில் அந்த வீடு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். சுவர் ரொட்டி, கூரை கேக், ஜன்னல் சர்க்கரை. ஹேன்சல் கூரையைப் பிய்க்கிறான், கிரெட்டல் ஜன்னலைக் கடிக்கிறாள். கிழவி ஊன்றுகோலோடு வெளியே வந்து கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போகிறாள். பால், சர்க்கரை போட்ட அப்பம், ஆப்பிள், கொட்டைகள். பிறகு வெள்ளை விரிப்பு விரித்த இரண்டு படுக்கைகள். பிள்ளைகள் படுத்துக்கொண்டு சொர்க்கத்தில் இருப்பதாக நினைக்கிறார்கள். கதையில் அதற்கு அடுத்த வாக்கியத்தில்தான், பிள்ளைகளை வரவழைக்கவே அவள் அந்த வீட்டைக் கட்டினாள் என்று வருகிறது. ஆக, நீங்கள் எதைக் கதையின் நல்ல முடிவாக வைத்தீர்களோ, அது கிரிம் கதையில் பொறியின் தீனி. உங்கள் மகள் நான்கு இரவு விழித்திருந்ததில் எனக்கு வியப்பில்லை. கிழவி உயிரோடு இருக்கிறாள், வீடும் நிற்கிறது, கையில் இனிப்பும் இருக்கிறது. நானாக இருந்தாலும் விளக்கை அணைக்க மாட்டேன்.

மாயவீடுகள் எல்லாமே இப்படி இனிக்க இனிக்க அழைப்பதில்லை. ருஷ்யக் கதைகளின் பாபா யாகாவுக்கும் காட்டில் ஒரு வீடு உண்டு. கோழிக்காலில் நிற்கும் குடிசை அது. அஃபனாசியெவ் தொகுத்த வசிலீசா கதையில் அதன் வேலி மனித எலும்பு, வேலிமேல் மண்டையோடுகள், கதவின் பூட்டு கூரிய பற்கள் உள்ள வாய். இருட்டினால் மண்டையோட்டுக் கண்கள் எரியும். வாசலிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிற நேர்மையான வீடு! நெருப்பு வாங்கிவா என்று வீட்டிலிருந்தவர்கள் அனுப்பியதால் வசிலீசா அங்கே போகிறாள், வேலை செய்கிறாள், எரியும் மண்டையோடு ஒன்றோடு திரும்புகிறாள். பெரியவர்களுக்கு இந்த வீட்டைக் கண்டால்தான் நடுக்கம், ரொட்டி வீட்டின் படத்தையோ நர்சரிப் பள்ளிச் சுவரில் வரைந்து வைப்போம். குழந்தைகள் எலும்பு வேலியை ரசித்துக் கேட்பதையும், ரொட்டி வீட்டுக்குள் நுழையும் இடத்தில் போர்வையை இழுத்துக்கொள்வதையும் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இனி நீங்கள் வெட்டிய மற்றொரு துண்டுக்கு வருகிறேன். எனக்கு அதில்தான் வருத்தம் அதிகம்.

நாட்டில் எல்லாம் விலையேறிவிட்டது, விறகுவெட்டியின் வீட்டில் ரொட்டி இல்லை. பிள்ளைகள் பசியில் தூக்கம் வராமல் கிடக்கிறார்கள். பக்கத்தில் பெரியவர்கள் பேசுவது காதில் விழுகிறது: நாளைக்கு இவர்களைக் காட்டில் விட்டுவிடுவோம். தகப்பன் மறுக்கிறான், பிறகு இணங்குகிறான். மறுநாள் காட்டில் நெருப்பு மூட்டி உட்காரவைத்துவிட்டுப் போகிறார்கள். அப்பா பக்கத்திலேயே மரம் வெட்டிக்கொண்டிருக்கிறார் என்று பிள்ளைகள் நம்பிக்கொண்டிருக்கிறார்கள், கோடரிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருப்பதால். அது கோடரி இல்லை. பட்டமரம் ஒன்றில் தகப்பன் கட்டிவிட்டுப் போன கிளை, காற்றில் ஆடி ஆடி மரத்தில் மோதுகிறது.

உலகக் குழந்தைக் கதைகளில் இதைவிடக் கொடிய வரியை நான் படித்ததில்லை. கிளையைக் கட்டுவதற்கு அந்த மனிதன் ஒரு கயிறு எடுத்துப் போயிருக்க வேண்டும், முடிச்சுப் போட்டிருக்க வேண்டும், ஆட்டிப் பார்த்துச் சத்தம் சரியாக வருகிறதா என்று கேட்டிருக்கவும் வேண்டும்! கதை இதையெல்லாம் சொல்வதில்லை. கிளையை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது.

அதே காற்று பிறகு இன்னொருமுறை வருகிறது. பிள்ளைகள் ரொட்டி வீட்டைக் கொறிக்கும்போது, என் வீட்டைக் கொறிப்பது யார் என்று உள்ளேயிருந்து குரல் கேட்கிறது. "காற்று, காற்று, வானத்துப் பிள்ளை" என்று பதில் சொல்லிவிட்டுத் தின்பதைத் தொடர்கிறார்கள். 1812 முதல் பதிப்பில் இந்தப் பதில் கிடையாது. குரல் கேட்டதும் பயந்து கையில் இருந்ததைக் கீழே போட்டுவிடுகிறார்கள். காஸல் நகரத்தில் மருந்துக்கடை வைத்திருந்த குடும்பத்துப் பெண் டோர்ட்ஷென் வில்ட் சொன்னதுதான் அந்தக் காற்று வரி. பின்னர் 1825இல் வில்ஹெல்ம் கிரிம் அவளை மணந்துகொண்டார். அந்த ஒரு வரிக்காகவே மணந்திருக்கலாம் என்பது என் எண்ணம். தகப்பன் காற்றை வைத்துச் சொன்ன பொய்யை, பிள்ளைகள் அதே காற்றை வைத்துக் கிழவியிடம் திருப்பிச் சொல்கிறார்கள். காட்டில் மூன்று நாள் அலைந்ததற்குள் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. முதல் நாள் காலையில் தாய் பிள்ளைகளை எழுப்புகிறாள்: "எழுந்திருங்கள், சோம்பேறிகளே." ரொட்டி வீட்டில் கிழவி கிரெட்டலை உலுக்கி எழுப்புகிறாள்: "எழுந்திரு, சோம்பேறி." ஏறக்குறைய அதே சொற்கள். மந்திரம் போட்டது போல இருக்கிற வீடு எதுவென்று கேட்டால், பிள்ளைகள் புறப்பட்டு வந்த வீட்டைத்தான் நான் காட்டுவேன். நேற்றுவரை சோறு போட்ட வீடு, ஒரே இரவுப் பேச்சில் பிள்ளைகளைக் கழித்துக் கட்டுகிறது. காட்டுக்குள் இருப்பது அதன் மறுபாதி: இங்கே தின்ன இல்லை, அங்கே தின்னக் கொடுத்துத் தின்கிறார்கள்.

நீங்கள் வெட்டியதில் உங்களுக்கு முன்னோடி உண்டு, வில்ஹெல்ம் கிரிம்தான். முதல் பதிப்பில் பிள்ளைகளைக் கைவிடச் சொல்பவள் பெற்ற தாய். 1840இல் நான்காவது பதிப்பில் அவள் மாற்றாந்தாய் ஆகிவிட்டாள். தாய் அப்படிச் செய்வாளா என்று அவருக்கும் வாய் வரவில்லை போலும். தகப்பன் மட்டும் கடைசிவரை பெற்ற தகப்பனாகவே இருக்கிறான், கிளையைக் கட்டியவனும் அவனே, கடைசியில் பிள்ளைகள் ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொள்வதும் அவனைத்தான். நம் நல்லதங்காள் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். பஞ்சம், அண்ணன் மனைவி மூளி அலங்காரியின் கதவடைப்பு, பாழுங்கிணறு, ஏழு பிள்ளைகள். என் பாட்டி அதை மூத்த பையன் கெஞ்சும் இடத்தோடு முழுவதும் சொல்வார். அந்தத் தாயை யாரும் சித்தியாக மாற்றவில்லை. நாங்கள் கேட்டுவிட்டு அழுதோம், சோறு சாப்பிட்டோம், தூங்கினோம்.

ஜெர்மன் இசையமைப்பாளர் ஹும்பர்டிங்க் இதே கதையை இசைநாடகமாக்கினார். 1893 டிசம்பர் 23 அன்று வைமரில் முதலில் மேடையேறியது. பாடல்களை எழுதியவர் அவருடைய தங்கை அடெல்ஹைட் வெட்டெ, தன் பிள்ளைகள் வீட்டில் நடிப்பதற்காகத் தொடங்கிய வேலை அது. வெட்டெயும் பெற்றோரைக் காப்பாற்றிவிடுகிறார். பால் குடம் உடைந்த கோபத்தில் தாய் பிள்ளைகளைக் காட்டுப் பழம் பறிக்க விரட்டிவிடுகிறாள், அவ்வளவுதான். ஆனால் அடுப்பில் அவர் கை வைக்கவில்லை. கிழவி உள்ளே போகிறாள், கதவு சாத்தப்படுகிறது. கிறிஸ்துமஸ் நாட்களில் குடும்பம் குடும்பமாகப் போய்ப் பார்க்கும் நாடகம் அது.

உங்கள் தயக்கத்தில் ஒரு நியாயம் இருக்கிறது, அதைத் தள்ளிவிட மாட்டேன். ஜெர்மானிய நிலங்களில் 16, 17ஆம் நூற்றாண்டுகளில் சூனியக்காரிகள் என்று ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றார்கள், பெரும்பாலும் பெண்களை, எரித்தும். தனியாக வாழும், தடி ஊன்றிய, கண் மங்கிய கிழவியைப் பூதமாக்குகிற கதையை வாய்கூசாமல் சொல்லிவிட முடியாதுதான். ஆனால் அதற்கு வழி அவளைத் திருத்துவது இல்லை. தெருவில் தடி ஊன்றி நடக்கும் பாட்டியைப் பார்த்து உங்கள் மகள் ஒதுங்கினால், அப்போது பேசுங்கள். கதைக்குள் இருக்கிறவள் பிள்ளைகளைத் தின்கிறவள். ஹேன்சலைக் கூண்டில் போட்டுக் கொழுக்க வைத்துக்கொண்டு, கிரெட்டலுக்கு நண்டு ஓட்டைத் தின்னக் கொடுத்தவள்.

அடுப்புக் காட்சியும் நீங்கள் நினைக்கிற மாதிரி வெறும் கொடூரம் இல்லை, அதில் சிரிப்பு இருக்கிறது. உள்ளே போய்ச் சூடு பார் என்கிறாள் கிழவி. எப்படிப் போவதென்று தெரியவில்லையே என்கிறாள் கிரெட்டல், அதுவரை அழுதுகொண்டே இருந்த பெண். முட்டாளே, அடுப்பின் வாய் எவ்வளவு பெரிதாக இருக்கிறது பார், நானே நுழைவேன் என்று கிழவி தலையை உள்ளே விட்டுக் காட்டுகிறாள். இந்த இடத்தில் எந்தக் குழந்தையும் பயந்து நான் கண்டதில்லை, எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். நீங்கள் அந்தத் தள்ளலை கிரெட்டலிடமிருந்து பிடுங்கி, அதற்குப் பதிலாக அவளுக்கு அழுகையைக் கொடுத்துவிட்டீர்கள்.

ஆகவே இன்றைக்கே முழுக் கதையையும் சொல்லிவிடுங்கள். நான் முதலில் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று ஒப்புக்கொண்டு ஆரம்பியுங்கள், குழந்தைகளுக்கு அது பிடிக்கும். கூண்டு வரும் இடத்தில் நாளைக்குச் சொல்கிறேன் என்று நிறுத்திவிடாதீர்கள். கிழவியின் குரலைப் பிரமாதமாகச் செய்துகாட்டவும் வேண்டாம், குரல் உங்களுடையதாகவே இருக்கட்டும். அடுப்பு என்றால் உங்கள் வீட்டு கேஸ் அடுப்பு அவள் கண்முன் வந்து குழப்பும், ஆள் நுழைகிற அளவு பெரிய பேக்கரி அடுப்பு என்று சொல்லுங்கள். கடைசியில் வாத்தை விட்டுவிடாதீர்கள். ஆற்றைக் கடக்க ஒரு வெள்ளை வாத்து வருகிறது. இருவரும் ஏறினால் அதற்குப் பாரம் தாங்காது, ஒருவர் பின் ஒருவராகப் போவோம் என்கிறாள் கிரெட்டல்.

பாட்டி எங்கே என்ற கேள்வி அதன்பின் வராது. அப்பா ஏன் கிளையைக் கட்டினார் என்று கேட்பாள். அதற்கு என்னிடம் பதில் கேட்டு எழுதாதீர்கள். கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் நீங்கள்தான்.