மனைவி இந்தோனேசியர். ஜாவா கிராமத்தில் அவர் ஊரிலேயே நிலம் வாங்கி வீடு கட்டலாமா? பின்னால் விலை ஏறுமா?

நீங்கள் கேட்டதன் சுருக்கம்: நீங்கள் இந்தியக் குடிமகன், மனைவி இந்தோனேசியக் குடிமகள். மத்திய ஜாவாவில் அவருடைய ஊரில் ஒரு மனையும் கொஞ்சம் வயலும் விலைக்கு வருகின்றன. குடியிருக்கவும் வேண்டும், பிற்பாடு விற்றால் நாலு காசு பார்க்கவும் வேண்டும்.

குடியிருக்க என்றால் வாங்குங்கள். விற்று லாபம் பார்க்க என்றால் வேண்டாம். எதுவானாலும் முன்பணம் கொடுப்பதற்கு முன் உங்கள் கல்யாணக் காகிதத்தைச் சரிசெய்ய வேண்டும்.

1960-ஆம் ஆண்டு நிலச் சட்டப்படி முழுச் சொத்துரிமை, அதாவது ஹாக் மிலிக், இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டும்தான். ‘மனைவி பேரில்தானே வாங்குகிறோம்’ என்று நினைப்பதில்தான் முதல் சறுக்கல். சொத்துப் பிரிவினை ஒப்பந்தம் இல்லாவிட்டால் கல்யாணத்துக்குப் பிறகு வாங்குவதெல்லாம் கூட்டுச் சொத்து. அதில் வெளிநாட்டவரான உங்களுக்கும் பங்கு வந்துவிடுவதால், ஒரு வருடத்துக்குள் அந்த உரிமையைக் கைவிட வேண்டிய நிலை வரும். முன்பெல்லாம் இந்த ஒப்பந்தத்தைக் கல்யாணத்துக்கு முன்பே எழுதியாக வேண்டும். அரசியலமைப்பு நீதிமன்றம் 2016-இல் தந்த தீர்ப்புக்குப் பிறகு, கல்யாணமான பின்னும் நோத்தாரிஸ் எனும் பத்திரப் பதிவாளரிடம் எழுதிக்கொள்ளலாம். முஸ்லிம் தம்பதி என்றால் சமய விவகார அலுவலகத்திலும் மற்றவர்கள் குடிமைப் பதிவு அலுவலகத்திலும் அதைப் பதிய வேண்டும். கல்யாணம் இந்தியாவில் நடந்திருந்தால், முதலில் அந்தத் திருமணத்தையே இந்தோனேசியாவில் பதிவு செய்யுங்கள். இதெல்லாம் முடிந்ததும் நிலம் முழுக்க மனைவியுடையது, உங்களுக்கு அதில் ஒரு செங்கல்கூடக் கிடையாது. அது உறுத்தினால் வருடக் குத்தகைக்கு வீடு எடுப்பதே மேல்.

ஊர்க்காரர் ஒருவர் பேரில் வாங்கி, பக்கத்தில் ரகசிய ஒப்பந்தம் போடலாம் என்று தரகர் சொல்வார். அதே சட்டத்தின் 26-ஆம் பிரிவுப்படி அப்படிப்பட்ட கைமாற்றம் செல்லாது, நிலம் அரசுக்குப் போகும், கொடுத்த பணமும் திரும்பாது. வெளிநாட்டவருக்கென்று ஹாக் பாக்காய் என்ற பயன்பாட்டு உரிமை இருக்கிறதே என்பீர்கள். அதற்கு மாகாணவாரியாகக் குறைந்தபட்ச வீட்டு விலை வைத்திருக்கிறார்கள். கிராமத்து வீடு அந்த உயரத்தை எட்டாது.

அடுத்து நிலத்தின் காகிதம். கிராமத்தில் விற்பவர் கையில் மூன்று வகைக் காகிதங்களில் ஏதாவது ஒன்று இருக்கும். ஹாக் மிலிக் சான்றிதழ் இருந்தால் நல்லது. நில அலுவலகத்தில் 50,000 ரூபியா கட்டணத்தில் சரிபார்த்துவிடலாம். இரண்டாவது, லெத்தர் சி, பெத்தோக் டி, கிரிக் என்று ஊருக்கு ஒரு பெயரில் வழங்கும் பழைய வரிக் காகிதம். அது வரி கட்டியதற்குத்தான் ஆதாரம். 2021-ஆம் ஆண்டின் 18-ஆம் எண் அரசாணை, இந்தப் பழைய காகிதங்களைப் பதிந்துகொள்ள ஐந்து வருடம் தந்தது. 2026 பிப்ரவரியோடு அந்தக் கெடு முடிந்தது, இனி அவை வெறும் துப்பு மாதிரிதான். மூன்றாவது வகைதான் கிராமத்தில் அதிகம் தொந்தரவு தருவது: முத்திரை ஒட்டிய ரசீது. அப்பா காலத்தில் கைமாறியது, ஊரே சாட்சி என்பார்கள். ஊர் சாட்சி சொல்லும்தான், பெயர் மாற்றத்துக்கு அது உதவாது.

சான்றிதழ் இருந்தாலும் அது இறந்துபோன தாத்தா பெயரிலேயே இருக்கும். ஆறு வாரிசுகள் என்றால் ஆறு கையெழுத்தும் வேண்டும். ஒருவர் கலிமந்தான் தோட்டத்தில், ஒருவர் ஹாங்காங்கில் வீட்டு வேலையில் என்று சிதறிக் கிடப்பார்கள். ‘அண்ணன் சம்மதித்துவிட்டார், மற்றவர்கள் பிறகு போடுவார்கள்’ என்ற பேச்சில் மயங்கி முழுத் தொகையையும் கொடுத்துவிடாதீர்கள். பத்து வருடம் கழித்து வரும் வழக்கெல்லாம் அந்த ‘பிறகு’வில்தான் முளைக்கிறது.

வயலை வாங்கி அதில் வீடு கட்டும் யோசனை இருந்தால் இன்னும் கவனம். 2021-இல் மத்திய ஜாவா உள்பட எட்டு மாகாணங்களில் பாதுகாக்கப்பட்ட நெல்வயல் வரைபடம் வந்தது. உங்கள் துண்டு அதற்குள் இருந்தால் கட்டட அனுமதி கிடைக்காது. பக்கத்து வயலில் யாரோ கட்டியிருப்பது உங்களுக்கு ஆதாரம் ஆகாது. அதோடு, விவசாய நிலம் வாங்குபவர் அதே கெச்சமாத்தானிலோ (மாவட்டத்தின் உட்பிரிவு, நம் வட்டம் மாதிரி) அடுத்ததிலோ குடியிருக்க வேண்டும் என்ற விதியும் 1961 முதல் இருக்கிறது. மனைவியின் அடையாள அட்டை ஜகார்த்தா முகவரியில் இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

செலவுக் கணக்கு: மனை 15 கோடி ரூபியா என்று வைத்துக்கொள்வோம் (அவர்கள் ‘150 ஜுத்தா’ என்பார்கள், ஒரு ஜுத்தா பத்து லட்சம்). வாங்குபவர் வரி 5 சதவீதம், ஆனால் முதல் 8 கோடிக்குக் கிடையாது. சில மாவட்டங்களில் விலக்கு அதற்கும் மேல். ஆக 35 லட்சம். விற்பவர் வரி 2.5 சதவீதம், 37.5 லட்சம். கிராமத்தில் இதையும் வாங்குபவர் தலையில் கட்டப் பார்ப்பார்கள், விலை பேசும்போதே முடிவு செய்துவிடுங்கள். பத்திரம் எழுதும் அதிகாரியின் கட்டணம் அதிகபட்சம் 1 சதவீதம். அளவு சொல்லும்போது ‘உபின்’ என்றால் ஏறக்குறைய 14 சதுர மீட்டர். சதுர மீட்டரில் எழுதி வாங்குங்கள், அண்டை நிலக்காரர்களை நிறுத்தி எல்லைக்கல் பாருங்கள்.

மனையைப் பார்க்க மழைக்காலத்தில் ஒருமுறை, செப்டம்பரில் ஒருமுறை போங்கள். கிணற்றின் உண்மை செப்டம்பரில்தான் தெரியும். மழையில் சரிவின் உண்மை தெரியும்: 2014 டிசம்பரில் பஞ்சார்நெகாராவின் ஜெம்புளுங் குக்கிராமம் மண்சரிவில் புதைந்தது. சிமெண்டு லாரி வராத சந்து என்றால் ஒவ்வொரு மூட்டையையும் ஆள் சுமக்க வேண்டும், கூலி தனி. மின்சாரம் 900 வி.ஏ. இணைப்பு என்றால் 4 ஆம்பியர்தான். தண்ணீர் மோட்டார் ஓடும்போது இஸ்திரிப் பெட்டியைப் போட்டால் வீடே இருண்டுவிடும். 2,200 கேளுங்கள். மின்சாரத்துக்கு முன்கூட்டிக் கட்டிய பணம் தீரும் நேரத்தில் மீட்டர் விடாமல் கீச்சிடும், மறுபடி பணம் கட்டி வாங்கும் 20 இலக்க எண்ணை அடித்த பிறகுதான் ஓயும்.

அன்றாட வாழ்க்கையில் பணச் செலவைவிட முறைச் செலவு அதிகம். வந்த முதல் நாளே எர்தே எனும் தெருத் தலைவரைப் பார்த்துச் சொல்ல வேண்டும். பல ஊர்களில் வீட்டு வாசலில் ஒரு சின்ன டப்பா தொங்கும். இரவுக் காவல் சுற்றுபவர்கள் எடுத்துப் போக அதில் ஒரு கை அரிசியோ 500 ரூபியா நாணயமோ போட வேண்டும். ஜிம்பிதான் என்று பெயர். தொகை அற்பம்தான், ஆனால் யார் டப்பா காலி என்பது ஊருக்கே தெரியும். கல்யாண மாதங்களில் உறை உறையாக மொய் போகும், நோட்டில் எழுதி வைத்துத் திருப்பிச் செய்வார்கள். ஜாவா நாட்காட்டியின் முதல் மாதமான சூரோவில் கல்யாணம் வைக்கமாட்டார்கள், பர்சுக்கு அது ஓய்வு.

விலை ஏறுமா என்றால், கிராமத்து மனையை வாங்க வருபவர் பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரர், பள்ளி ஆசிரியர், அல்லது வெளிநாட்டில் சம்பாதித்துத் திரும்பியவர். சுங்கச் சாலை இறங்கும் இடமோ கல்லூரியோ தொழிற்சாலையோ பக்கத்தில் வந்தால் ஏறும். வரப்போகிறது என்று தரகர் சொல்வதற்கு மதிப்பில்லை. வயலை விளைச்சலில் பாதிக்குப் பாதி என்று வாரத்துக்கு விட்டால், கால் ஹெக்டேரில் ஒரு போகம் 1.5 டன் ஈர நெல், உங்கள் பங்கு 750 கிலோ. 2025-இல் அரசு வைத்த 6,500 ரூபியா விலையில் 48.75 லட்சம், உரப்பங்கு போக இன்னும் குறையும். மேட்டு நிலத்தில் செங்கோன் மரம் நடச் சொல்வார்கள். ஐந்தாறு வருடத்தில் வெட்டலாம் என்பது உண்மை. ஈரமும் மூடுபனியும் உள்ள உயரத்தில் துரு நோய் வந்து தண்டெல்லாம் கட்டி கட்டியாக வீங்கினால் மரம் விறகு விலைக்குத்தான் போகும்.

குடியேறிய கொஞ்ச நாளில் ‘அவசரம், வயலை அடகு வைத்துக்கொண்டு பணம் கொடுங்கள்’ என்று யாராவது உங்கள் மனைவியிடம் வருவார்கள். வட்டிக்குப் பதில் விளைச்சல் உங்களுக்கு. கொடுப்பதானால் இது தெரிந்து கொடுங்கள்: 1960-இன் 56-ஆம் எண் சட்டப்படி, அடகு ஏழு வருடம் ஆகிவிட்டால் பணம் வாங்காமலே வயலைத் திருப்பித் தந்துவிட வேண்டும்.