நாட் டர்னரின் வாக்குமூலம் அவருடைய சொற்கள்தானா?

நாட் டர்னர் 1831-இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் அடிமைகளின் எழுச்சிக்குத் தலைமை தாங்கிய கறுப்பின அடிமை. அவரைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறீர்கள் என்றால், அதே ஆண்டில் அவருடைய பெயரில் அச்சான வாக்குமூலத்தை டர்னரின் நேரடிச் சொற்களாக உங்கள் கட்டுரையில் மேற்கோள் காட்ட வேண்டாம். அதை எழுதி வெளியிட்டவரின் பெயரைச் சேர்த்து “கிரே பதிவு செய்தபடி” என்று குறிப்பிடுங்கள்.

அது “நான்” என்று பேசுவதால் இக்குழப்பம் வந்திருக்கலாம். வர்ஜீனியாச் சிறையில் அவரைச் சந்தித்து, அதை எழுதி, அவர் தூக்கிலிடப்பட்ட அதே நவம்பரில் வெளியிட்டவர் தாமஸ் கிரே என்ற வெள்ளையின வழக்கறிஞர். டர்னரை மதவெறியராகச் சித்திரிக்கும் முன்னுரையும் அவருடையதே.

முன்னுரையையும் வாக்குமூலத்தையும் அருகருகே வைத்துப் படியுங்கள். அடிமை முறையின் கொடுமையை விட்டுவிட்டு எழுச்சிக்கு மதவெறியை மட்டும் காரணமாக்கும் இடங்களில் கிரேயின் குரலைச் சந்தேகிக்கலாம்.

ஆனால் முழுவதையும் தள்ளிவிடாதீர்கள். சோளப் பயிரில் பனித்துளிபோல் இரத்தம் கண்டது, சூரிய கிரகணத்தை எழுச்சிக்கான அடையாளமாகக் கொண்டது போன்ற பகுதிகளை கிரே கற்பனையாகப் புனைந்திருப்பார் என்று நான் நம்பவில்லை. தாம் குற்றவாளி அல்லர் என்றே டர்னர் நீதிமன்றத்தில் கூறினார். அதையும் கட்டுரையில் அவசியம் சேருங்கள்.