‘ஒன்று’ என்றாரா, ‘ஒருவர்’ என்றாரா? யோவான் 10:30-ஐப் பிள்ளைகளுக்கு விளக்குவது எப்படி

கேள்வி: ஞாயிறு பள்ளியில் 13 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். ‘நானும் பிதாவும் ஒன்றாயிருக்கிறோம்’ என்ற வசனம்தான் பாடம். “இயேசுவே கடவுள்னா, அவர் யார்கிட்ட ஜெபம் பண்ணினார்?” என்று ஒரு மாணவி கேட்டாள். தண்ணீர், பனிக்கட்டி, நீராவி மூன்றும் ஒன்றுதானே என்று உதாரணம் சொல்லிச் சமாளித்தேன். அது சபை எப்போதோ தள்ளிவிட்ட போதனை என்று மூத்த ஆசிரியர் ஒருவர் சொல்கிறார். அடுத்த வகுப்புக்கு 45 நிமிடம் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது? ‘பிதா என்னிலும் பெரியவர்’ என்ற வசனத்தை யாராவது எடுத்தால் என்ன சொல்வது?

பதில்: மூத்த ஆசிரியர் சொல்வது சரி. ஒரே தண்ணீர் ஒரு நேரம் உறைகிறது, ஒரு நேரம் ஓடுகிறது, ஒரு நேரம் ஆவியாகிறது. இதைக் கடவுளுக்குப் பொருத்தினால், ஒரே ஆள் பிதா வேடத்தில் வந்து, பிறகு குமாரன் வேடத்தில் வந்து, பிறகு ஆவி வேடத்தில் வந்தார் என்றாகிறது. 3-ஆம் நூற்றாண்டில் சபெல்லியுஸ் என்பவரின் பெயரோடு ஒட்டிக்கொண்ட போதனை இதுதான். ‘வீட்டில் அப்பா, அலுவலகத்தில் அதிகாரி, தாத்தாவுக்கு மகன்’ என்ற உதாரணமும் அதே குழியில்தான் விழுகிறது. இந்தப் போதனையை உடைக்க உங்கள் மாணவியின் கேள்வி ஒன்றே போதும். வேடம் மாறுகிற ஒரே ஆள் என்றால், சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில் நடந்த ஜெபம் தனக்குத் தானே பேசிக்கொண்ட நாடகமாகிவிடும். அவளிடம் அடுத்த வாரம் முதல் வேலையாக, “நீ கேட்டதுதான் சரி, நான் சொன்ன உதாரணம் தப்பு” என்று சொல்லிவிடுங்கள். பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று விட்டால் அந்தத் தண்ணீர்தான் பிள்ளைகள் மனதில் தங்கும்.

அடுத்து, வசனத்தைக் கரும்பலகையில் எழுதி இரண்டே இடத்தில் கோடு போடுங்கள்: ‘ஒன்று’, ‘-ஓம்’. பள்ளியில் உயர்திணை, அஃறிணை படித்த பிள்ளைகளுக்கு இது உடனே பிடிபடும். ஆளைச் சொல்ல வேண்டுமானால் ‘ஒருவர்’ என்போம். யோவானின் கிரேக்கத்திலும் இந்த வேறுபாடு உண்டு. ஆண்பாலில் ‘ஹெய்ஸ்’ என்றால் ஒருவர். அஃறிணையில் ‘ஹென்’ என்றால் ஒன்று. யோவான் எழுதியது ‘ஹென்’. வினையோ ‘எஸ்மென்’, அதாவது ‘இருக்கிறோம்’ என்ற தன்மைப் பன்மை. ஆக, பேசுகிறவர் பிதாவிலிருந்து வேறான ஆள் என்பதை ‘-ஓம்’ காக்கிறது. அவர்கள் இரண்டு கடவுள்கள் அல்லர் என்பதை ‘ஒன்று’ காக்கிறது. ‘-ஓம்’ போனால் சபெல்லியுஸ். ‘ஒன்று’ போனால் ஆரியுஸ். அவரிடம் பிறகு வருவோம். 3-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வட ஆப்பிரிக்க இறையியலாளர் தெர்த்துல்லியன் லத்தீன் மொழிபெயர்ப்பை வைத்து இதே இலக்கணக் குறிப்பைச் சொல்லியிருக்கிறார். ஆங்கிலத்தில் படிக்கிறவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியிருக்கும்; தமிழ்ப் பிள்ளைக்கு மொழியே பாதி வேலையைச் செய்துகொடுக்கிறது.

அதே தமிழ் ஒரு கண்ணியையும் வைத்திருக்கிறது. ‘அண்ணன் தம்பி ஒன்றாயிருக்கிறார்கள்’ என்றால் சண்டையில்லாமல் சேர்ந்து இருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். ‘ஒன்றாயிருக்கிறோம்’ என்பதைக் கூட்டுக்குடும்பம்போலக் கேட்டுக்கொள்ளும் பிள்ளைகள் நிச்சயம் இருப்பார்கள். நீங்கள் கேட்காமல் அது வெளியே வராது. “ஒன்றாய் என்றால் இங்கே என்ன அர்த்தம்?” என்று ஆளுக்கு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். ‘ஒற்றுமையாய்’ என்று எத்தனை தாளில் வருகிறது என்று பாருங்கள்.

‘ஒற்றுமை’ என்று எழுதிய பிள்ளை முட்டாள் அல்ல. ‘ஹென்’ என்ற சொல்லை மட்டும் வைத்து அந்தப் பிள்ளையை மறுக்கவும் முடியாது. 1 கொரிந்தியர் 3:8-இல் நடுகிறவனும் நீர்ப்பாய்ச்சுகிறவனும் ஒன்றாயிருக்கிறார்கள் என்று பவுல் எழுதும்போதும் அதே சொல்தான். யோவான் 17-இல் சீஷர்கள் ‘நம்மைப்போல ஒன்றாயிருக்கும்படிக்கு’ என்று இயேசு ஜெபிக்கும்போதும் அதே சொல். 16-ஆம் நூற்றாண்டுச் சபைச் சீர்திருத்தத் தலைவர் கால்வினே தம் யோவான் விளக்கவுரையில், பழைய ஆசிரியர்கள் இந்த வசனத்தைப் பிதாவும் குமாரனும் ஒரே சாரம் என்று நிரூபிக்கத் தவறாகப் பயன்படுத்தினார்கள் என்று எழுதியிருக்கிறார். பிதா, குமாரன், ஆவி மூவரும் ஒரே கடவுள் என்ற திரித்துவத்தை அவர் மறுத்தவர் அல்ல. ஒரு சொல்லின் மேல் அளவுக்கு மீறிச் சுமை ஏற்ற வேண்டாம் என்பதுதான் அவர் கருத்து.

சுமையைத் தாங்குவது சூழல். அதனால் 30-ஆம் வசனத்தைத் தனியாக வாசிக்காதீர்கள். 22 முதல் 39 வரை சத்தமாக வாசிக்க வையுங்கள், மூன்று நிமிடம் ஆகும். பிரதிஷ்டை பண்டிகை, மாரிகாலம், சாலொமோனுடைய மண்டபம். ‘நீர் கிறிஸ்துவானால் எங்களுக்குத் தெளிவாய்ச் சொல்லும்’ என்று சுற்றி நின்று கேட்கிறார்கள். 28-இல், ஆடுகளை ‘என் கையிலிருந்து’ ஒருவனும் பறித்துக்கொள்வதில்லை என்கிறார். 29-இல், ‘என் பிதாவின் கையிலிருந்து’ பறித்துக்கொள்ள ஒருவனாலும் கூடாது என்கிறார். உடனே 30. இரண்டு கைகளைப் பற்றிப் பேசுகிறார், பிடி ஒன்றுதான். இந்த இடத்தில் உபாகமம் 32:39-ஐத் திறக்கச் சொல்லுங்கள்: ‘என்னோடே வேறே தேவன் இல்லை’ என்று சொல்லுகிற கர்த்தர், அதே மூச்சில் ‘என் கைக்குத் தப்புவிப்பார் இல்லை’ என்கிறார். கர்த்தர் தமக்கு மட்டும் உரியதாகச் சொன்ன பிடியை இயேசு தம் கைக்குச் சொல்லுகிறார். கேட்டவர்கள் கல்லை எடுத்தது அதனால்தான். ‘நீ மனுஷனாயிருக்க, உன்னைத் தேவன் என்று சொல்லி’ என்று 33-இல் காரணத்தையும் அவர்களே சொல்லிவிடுகிறார்கள். வெறும் ஒற்றுமைக்கு யாரும் கல்லெறிவதில்லை.

34 முதல் 36 வரை, ‘நீங்கள் தேவர்கள்’ என்ற சங்கீதம் 82:6-ஐ இயேசு எடுத்துக்காட்டுவதைப் பார்த்து, “அப்போ அவர் பின்வாங்கிட்டாரா?” என்று ஒரு பிள்ளை கேட்கலாம். 38-ஐக் காட்டுங்கள். ‘பிதா என்னிலும் நான் அவரிலும்’ என்று முடிக்கிறார். 39-இல் மறுபடியும் பிடிக்கத் தேடுகிறார்கள். பின்வாங்கியவரை ஏன் பிடிக்க வேண்டும்?

இதுவரை 20 நிமிடம் போயிருக்கும். இப்போது ஜெபக் கேள்வி. நேரான பதில்: குமாரன் பிதாவிடம் ஜெபித்தார். யோவான் 17:24-இல் ‘உலகத்தோற்றத்துக்கு முன்’ பிதா தம்மேல் அன்பாயிருந்ததாகச் சொல்லுகிறார். படைப்பு எதுவும் இல்லாத நிலையிலும் அன்பு செலுத்த ஒருவரும் பெற்றுக்கொள்ள ஒருவரும் இருந்தார்கள் என்றால், அந்தப் பேச்சு பெத்லகேமில் தொடங்கியதல்ல. மனிதரானபோது அது மனிதச் சொற்களில், முழங்காலில் நடந்தது, அவ்வளவுதான். இயேசுவின் ஞானஸ்நானத்தையும் (மத்தேயு 3:16-17) சேர்த்துக் காட்டுங்கள். குமாரன் தண்ணீரிலிருந்து கரையேறுகிறார், ஆவி புறாவைப்போல இறங்குகிறார், வானத்திலிருந்து சத்தம் வருகிறது. மூன்றும் ஒரே நேரத்தில். நீராவி உதாரணத்துக்கு இங்கே இடமே இல்லை.

‘பிதா என்னிலும் பெரியவர்’ (யோவான் 14:28) வசனத்துக்குப் பயப்படத் தேவையில்லை. யாரும் எடுக்காவிட்டால் நீங்களே எடுங்கள். 4-ஆம் நூற்றாண்டில் ஆரியுஸின் பக்கம் நின்றவர்களுக்கு இது பிடித்த வசனம். ஆரியுஸ் அலெக்சாந்திரியாவின் மூப்பர். குமாரன் மிக உயர்ந்தவர், ஆனாலும் படைக்கப்பட்டவர், ‘அவர் இல்லாதிருந்த ஒரு நேரம் உண்டு’ என்று போதித்தார். 325-இல் நிசேயாவில் கூடிய ஆயர்கள் இதைத் தள்ளி, குமாரன் பிதாவோடு ‘ஹோமோஊசியோஸ்’ என்று அறிக்கையிட்டார்கள். நம் விசுவாச அறிக்கையில் இது ‘ஒரே பொருளானவர்’ அல்லது ‘ஒரே தன்மையுடையவர்’ என்று வருகிறது. பிள்ளைகளுக்கு அந்தக் கிரேக்கச் சொல்லைவிட, அறிக்கையில் அதற்கு முன்னால் நிற்கிற வேறுபாட்டைக் கொடுங்கள்: குமாரன் பிதாவிலிருந்து பிறந்தவர், உண்டாக்கப்பட்டவர் அல்லர். தச்சன் உண்டாக்குகிற நாற்காலி தச்சனின் இனம் இல்லை. தச்சனுக்குப் பிறந்த பிள்ளை அவன் இனம். “ஆனா பிள்ளை அப்பாவுக்குப் பிறகுதானே வரும்?” என்று உடனே கேட்பார்கள், கேட்க வேண்டும். ஆரியுஸை எதிர்த்த அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸின் வழியில் பதில் சொல்லுங்கள்: பிள்ளை பிறந்த அன்றுதான் ஒரு மனிதன் அப்பா ஆகிறான். கடவுள் பிதாவாக ‘ஆனவர்’ அல்லர், என்றைக்குமே பிதா. அப்படியென்றால் குமாரனும் என்றைக்குமே இருக்கிறார்.

அப்படியானால் ‘பெரியவர்’ ஏன்? சபை இரண்டு விதமாகப் பதில் சொல்லியிருக்கிறது, இரண்டும் ஒன்றையொன்று வெட்டுவதில்லை. குமாரன் பிதாவிடமிருந்து வருகிறவர், பிதா ஒருவரிடமிருந்தும் வருகிறவர் அல்லர் என்ற வரிசையைச் சொல்லுகிறது என்பது ஒன்று. அடிமையின் ரூபமெடுத்துத் தம்மைத் தாழ்த்தின நிலையிலிருந்து பேசுகிறார் என்பது மற்றொன்று. பிலிப்பியர் 2:6-8 அதற்கு ஆதாரம். 13 வயதுக்கு இரண்டாவது போதும். ‘அந்த நாழிகையைக் குமாரனும் அறியார்’ என்ற மாற்கு 13:32-க்கும் அதே திறவுகோல்தான். 451-இல் ஆயர்கள் கூடிய கல்கெதோன் சங்கம் இதைத்தான் விதியாக்கியது: கடவுள்தன்மையில் பிதாவோடு ஒரே சாரம், மனிதத்தன்மையில் நம்மோடு ஒரே சாரம், ஆள் ஒருவரே. பசித்தது, களைத்தது, ஜெபித்தது எல்லாம் அந்த ஒரே ஆள், மனிதராக.

கையில் உதாரணம் இல்லாமல் வகுப்புக்குப் போக மனம் வராது என்றால், விளக்கிலிருந்து விளக்கேற்றுவதைச் சொல்லுங்கள். ‘ஒளியினின்று ஒளி’ என்று அறிக்கையே சொல்லுகிறது. முதல் சுடர் குறைவதில்லை, இரண்டாவது அதே நெருப்பு. ஆனால் ஏற்றி முடித்ததும் அது எங்கே உடைகிறது என்றும் சொல்லிவிடுங்கள்: இரண்டு சுடரைத் தனித்தனியாக எடுத்துப் போகலாம், பிதாவையும் குமாரனையும் அப்படிப் பிரிக்க முடியாது. முட்டையின் ஓடு, வெள்ளை, மஞ்சள் வேண்டவே வேண்டாம். அது கடவுளை மூன்று துண்டாக்குகிறது. மஞ்சள் மட்டும் முழு முட்டையாகாது, குமாரனோ முழுக் கடவுள்.

ஒரு எச்சரிக்கை. பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் 1 யோவான் 5:7, ‘பிதா, வார்த்தை, பரிசுத்தஆவி… இம்மூவரும் ஒன்றாயிருக்கிறார்கள்’ என்று இருக்கும். பார்க்க ஆயத்த விடைபோலத் தோன்றும். பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் அந்த வரி இல்லை. எராஸ்முஸ் என்ற அறிஞர் 1516-இல் அச்சிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டிலும் இல்லை. 1522 பதிப்பில்தான் சேர்த்தார். இதை ஆதாரமாக வைத்துப் பேசினால், விவரம் தெரிந்த ஒரு பிள்ளை கைபேசியில் தேடி எடுத்துவிடும். அதன் பிறகு நீங்கள் சரியாகச் சொன்ன மற்றவையும் சந்தேகத்துக்குள்ளாகும். அதற்குப் பதில் யோவான் 5:19 இருக்கிறது: பிதா எவைகளைச் செய்கிறாரோ ‘அவைகளைக் குமாரனும் அந்தப்படியே செய்கிறார்’. தோமா ‘என் ஆண்டவரே! என் தேவனே!’ என்றபோது (20:28) இயேசு தடுக்கவில்லை. கொர்நேலியு காலில் விழுந்தபோது பேதுரு ‘நானும் ஒரு மனுஷன்தான்’ என்று தூக்கிவிட்டார் (அப்போஸ்தலர் 10:26). இந்த இரண்டையும் அடுத்தடுத்து வாசிக்க வைத்தால் தனி விளக்கமே வேண்டியதில்லை.

கடைசி ஐந்து நிமிடம் ஜெபத்துக்கு என்றால், அதையும் கவனியுங்கள். ‘அன்பின் பிதாவே’ என்று தொடங்கி, நடுவில் ‘எங்களுக்காகச் சிலுவையில் மரித்தீரே’ என்று போய்விடுவது பலருக்கும் பழக்கம். சிலுவையில் மரித்தவர் குமாரன். பிதாவிடம் பேசுகிறீர்கள் என்றால் ‘உம்முடைய குமாரனை எங்களுக்காகத் தந்தீரே’ என்று சொல்லி, ‘இயேசுவின் நாமத்தில்’ என்று முடியுங்கள். நாற்பது நிமிடம் சொல்லிக்கொடுத்த பாடத்தை ஆசிரியரின் ஜெபமே கலைத்துவிடுவதுண்டு. அந்த மாணவி அதையும் கேட்டுக்கொண்டுதான் இருப்பாள்.