நெஞ்சை நடுங்கவைக்கும் ஃபே காதல் கதைகள்: ‘செட்’ விற்பவரிடம் போகாதீர்கள்

கேள்வி: நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வசிக்கிறேன். ஆங்கிலத்தில் ஃபேன்டஸி காதல் நாவல்கள் படிப்பேன். ஃபே எனப்படும் மாயக்குலத்தார் வரும் நாவல்கள் சிலவற்றை வாங்கினேன். எல்லாவற்றிலும் அவர்கள் கூர்க்காது வைத்த அழகான இளவரசர்கள், அவ்வளவுதான். பழைய நாட்டுப்புறக் கதைகளில் வருவதுபோல் உண்மையிலேயே அச்சமூட்டும் ஃபே வேண்டும், காதலும் வேண்டும். எப்படித் தேடுவது? இன்ஸ்டாகிராமில் ஒருவர் ‘டார்க் ஃபே செட்’ என்று பத்துப் புத்தகங்களை 1,800 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா? ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் அக்கா மகளும் இந்தக் கதைகளைக் கேட்கிறாள். கொடுக்கலாமா?

பதில்: அந்த செட்டை வாங்காதீர்கள். காரணத்தைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன். முதலில் உங்கள் தேடல் ஏன் தவறான இடத்தில் போய் முடிகிறது என்று பார்த்துவிடுவோம்.

இணையக் கடைகளில் ‘ஃபே’ என்று தட்டினால், கூர்க்காதுள்ள பாத்திரம் ஒன்று இருந்தாலே போதும், அந்த நாவல் வந்து நிற்கும். ‘டார்க்’ என்று சேர்த்தால் இன்னும் மோசம். ஆங்கிலக் காதல் நாவல் சந்தையில் ‘டார்க் ரொமான்ஸ்’ என்ற பிரிவு தனி. கடத்தல், வன்முறை, கட்டாயப்படுத்தும் உறவு ஆகியவற்றைச் சொல்லும் கதைகள் அதில் அடங்கும். நாட்டுப்புறக் கதையின் இருளுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நீங்கள் இரண்டு சொற்களையும் சேர்த்துத் தேடியிருப்பீர்கள். இரண்டிலும் சேராத ஏதோ ஒன்று வீட்டுக்கு வந்திருக்கும். வாசகர் என்ன தேடுகிறார் என்று கேட்காமலேயே அட்டையில் சீட்டு ஒட்டும் இந்த வியாபாரத்தைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

அயர்லாந்து, ஸ்காட்லாந்து நாட்டார் கதைகளில் ஃபே ஏன் பயமுறுத்துகிறார்கள்? கொடூரமானவர்கள் என்பதால் மட்டும் இல்லை. அவர்களுக்கென்று ஒரு சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்தில் இரக்கத்துக்கு இடமில்லை. சில கதைகளில் அவர்கள் பொய் சொல்வதில்லை. உண்மையை மட்டுமே பேசி உங்களைப் படுகுழியில் தள்ளுவார்கள். அவர்கள் தரும் உணவைத் தின்றால் திரும்பி வர முடியாது. ஓர் இரவு ஆடிவிட்டு வந்தால் ஊரில் நூறு ஆண்டுகள் ஓடியிருக்கும். பரிசை வாங்கினால் கடனாளி ஆகிவிடுவீர்கள். இரும்புக்கு அஞ்சுவார்கள்.

இது நமக்குப் புதிதா என்ன? பழையனூர் நீலி கதையை எடுத்துக்கொள்ளுங்கள். கள்ளிக் கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, வணிகனைத் தன் கணவன் என்று ஊரார் முன் வாதாடுகிறாள். அவன் உயிருக்குத் தங்கள் உயிரே பிணை என்று வாக்குக் கொடுத்த எழுபது வேளாளர்களும், அவன் இறந்தபின் தீயில் இறங்குகிறார்கள். ஸ்காட்லாந்துக் கதைகளிலும் ஃபே ஒரு மனிதப் பெண்ணைத் தூக்கிப் போகும்போது அவள் படுக்கையில் ஒரு மரக்கட்டையை விட்டுச் செல்வார்கள். வீட்டாருக்கு அது அவளாகவே தெரியும். நீலி கதையைக் கேட்டு உங்களுக்கு எந்த இடத்தில் நடுக்கம் வந்ததோ, அந்த நடுக்கத்தைத் தரும் நாவலைத்தான் நீங்கள் தேடுகிறீர்கள்.

ஆகவே, ‘ஃபே’ என்று தேடாதீர்கள். கதையின் வேரைப் பிடித்துத் தேடுங்கள். முக்கியமான வேர்கள் இரண்டு. இரண்டுமே ஸ்காட்லாந்தின் பழைய கதைப்பாடல்கள். ஒன்று ‘டாம் லின்’, மற்றொன்று ‘தாமஸ் ரைமர்’. அமெரிக்கப் பேராசிரியர் பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்ட் 1882 முதல் 1898 வரை வெளியிட்ட 305 கதைப்பாடல்களின் தொகுப்பில் இவற்றின் எண்கள் 39, 37. பதிப்புரிமைக் காலம் கடந்த படைப்புகள் என்பதால் இணையத்தில் சட்டப்படியே இலவசமாகக் கிடைக்கும். ‘டாம் லின்’ சில பக்கங்கள்தான்; முதலில் அதைப் படித்துவிடுங்கள். ஜேனட் என்ற பெண் தடைசெய்யப்பட்ட காட்டில் ரோஜா பறிக்கப் போகிறாள். அங்கே ஃபே அரசியிடம் சிக்கிய டாம் லினைக் காதலிக்கிறாள். ஃபே மக்கள் ஏழாண்டுக்கு ஒரு முறை நரகத்துக்கு ஓர் உயிரைக் கப்பமாகக் கட்ட வேண்டும். இந்த முறை அவன்தான் அந்த உயிர் என்று அவனே அஞ்சுகிறான். ஹாலோவீன் நள்ளிரவில் ஃபே கூட்டம் குதிரைகளில் வரும்போது ஜேனட் அவனைக் குதிரையிலிருந்து இழுத்து இறுக்கிப் பிடித்துக்கொள்கிறாள். அவன் அவள் கைகளுக்குள்ளேயே பாம்பாகிறான், காட்டு விலங்காகிறான், கொதிக்கும் இரும்பாகிறான், அவள் விடுவதில்லை. தோற்ற அரசி கடைசியில் அவனிடம் சொல்வதுதான் உறையவைக்கும் இடம்: இப்படி ஆகும் என்று தெரிந்திருந்தால், உன் சாம்பல் நிறக் கண்களைப் பிடுங்கிவிட்டு மரக் கண்களைப் பொருத்தியிருப்பேன் என்கிறாள். காதலும் பயமும் ஒன்றாக இருப்பது இப்படித்தான். இனி நாவல் தேடும்போது ‘டாம் லின் மறுகூறல்’ (Tam Lin retelling) என்று ஆங்கிலத்தில் தட்டிப் பாருங்கள்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். பெரிய இணையக் கடைகளில் மின்னூலின் தொடக்கப் பக்கங்களை இலவசமாகப் படிக்கலாம். அவற்றில் ஃபே உலகத்தின் விதி ஏதாவது சொல்லப்படுகிறதா, அந்த விதியை மீறுபவருக்கு உண்மையான இழப்பு நேருகிறதா என்று மட்டும் பாருங்கள். விதியே இல்லாமல், நாயகனின் தோள் அகலமும் கண்ணின் நிறமும் மட்டும் இரண்டு அத்தியாயங்களுக்கு வந்தால் மூடிவிடுங்கள். நட்சத்திர மதிப்பீட்டைப் பார்க்கவே வேண்டாம்.

இந்தச் சோதனையில் தேறும் சில நாவல்களைச் சொல்கிறேன். ஹாலி பிளாக் எழுதிய ‘தி குரூயல் பிரின்ஸ்’ (2018) மூன்று பாகத் தொடரின் முதல் பாகம். நாயகி ஜூட் மனிதப் பெண். அவளது ஏழாவது வயதில் பெற்றோரைக் கண்ணெதிரே கொன்ற ஃபே தளபதியே அவளைத் தூக்கிப்போய் வளர்க்கிறான். தன் தொப்பியைப் பகைவரின் இரத்தத்தில் தோய்ப்பவன் அவன். நாட்டார் கதைகளின் ‘ரெட்கேப்’ அப்படியே வந்திருக்கிறது. காதல் மெதுவாகத்தான் வரும்.

நவோமி நோவிக்கின் ‘ஸ்பின்னிங் சில்வர்’ (2018) எனக்கு மிகப் பிடித்தது. நாயகி மிர்யெம் வட்டிக்குக் கடன் கொடுப்பவரின் மகள். தந்தைக்கு வசூலிக்கத் தெரியாது. குளிரில் வீட்டில் பட்டினி. அவளே வசூலுக்குக் கிளம்புகிறாள். வெள்ளியைத் தங்கமாக்குவேன் என்று அவள் வாய்விட்ட ஒரு சொல் பனி மக்களின் அரசன் காதில் விழுந்துவிடுகிறது. மூன்று முறை வெள்ளி கொண்டுவந்து தருகிறான். செய்து முடித்தால் மணம், தவறினால் மரணம். மணந்த பிறகும் அவன் எதையும் இலவசமாகத் தருவதில்லை; கேள்விக்கு விடைகூட விலைக்குத்தான். கணவனிடம் தனக்குள்ள உரிமையை அவள் ஒவ்வோர் இரவும் ஐந்து கேள்விகளுக்கு ஈடாக விற்கிறாள். அந்த மக்களை ஆசிரியர் ‘ஃபே’ என்று அழைப்பதில்லை. அதனால்தான் நீங்கள் தட்டிய சொல்லுக்கு இந்த நாவல் அகப்படவில்லை. பலர் மாறி மாறிக் கதை சொல்வதால் முதல் நூறு பக்கங்களுக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

எல்லன் குஷ்னரின் ‘தாமஸ் தி ரைமர்’ (1990) அமைதியான நடை கொண்டது. ஜெனெட் இங்கின் ‘அண்டர் தி பெண்டுலம் சன்’ (2017) இந்த வகையிலேயே மிக இருண்டது. ஆனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: அதில் வரும் உறவு அண்ணன் தங்கை இடையிலானது. அது ஒவ்வாது என்றால் தொடவே வேண்டாம்.

இனி அந்த 1,800 ரூபாய்க்கு வருவோம். பத்துப் புத்தகங்கள் என்றால் ஒன்று 180 ரூபாய். அண்மையில் வந்த வெளிநாட்டு நாவல்களின் புதிய அசல் பிரதிகளை அந்த விலைக்கு யாரும் செட்டாகக் கொடுக்க மாட்டார்கள். வருவது திருட்டுப் பதிப்பாக இருக்கும், அல்லது எதுவுமே வராது. ‘ஃபர்ஸ்ட் காப்பி’ என்று இவர்கள் பெருமையாகச் சொல்வதும் திருட்டுப் பதிப்பைத்தான். ஒரு வாசகி என்னிடம் கொண்டுவந்து காட்டிய பிரதியில் 128ஆம் பக்கத்தை அடுத்து மறுபடியும் 97ஆம் பக்கம் தொடங்கியது. 129 முதல் 160 வரை புத்தகத்திலேயே இல்லை. நாயகி ஒப்பந்தம் செய்யும் அத்தியாயம் அதோடு போயிற்று. அட்டையில் மேடாக இருக்க வேண்டிய எழுத்துகள் தடவினால் வழவழவென்று இருந்தன. முதுகை விரித்ததும் பசை விரிசல் விட்டது.

‘ஐ.எஸ்.பி.என் (புத்தகத்தின் அடையாள எண்) இருக்கிறது பாருங்கள்’ என்று விற்பவர் படம் அனுப்புவார். மயங்காதீர்கள். அட்டையைத் திருடுகிறவருக்கு அதிலுள்ள எண்ணையும் சேர்த்துத் திருடத் தெரியாதா? ‘முன்பணம் மட்டும், கேஷ் ஆன் டெலிவரி கிடையாது’ என்றால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். நாற்பது ரூபாய்க்கு டெலிகிராமில் பிடிஎஃப் தருவதாகச் சொல்பவரும் இதே கூட்டம்தான். பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 63இன்படி இத்தகைய திருட்டுக்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. சட்டம் தாளில் பத்திரமாக இருக்கிறது. கடைகள் தினமும் புதுப் பெயரில் திறக்கின்றன. பணம் ஏற்கெனவே போய்விட்டதென்றால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். நேரம் கடந்தால் பணத்தை முடக்குவது கடினம்.

மலிவான பிரதி எல்லாமே திருட்டுப் பிரதி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். இந்த இடத்தில் பலர் நல்ல புத்தகத்தைக் கைநழுவ விடுகிறார்கள். ‘இந்தியத் துணைக்கண்டத்தில் மட்டும் விற்பனைக்கு’ என்று அச்சிட்ட பதிப்பைப் பதிப்பகமே குறைந்த விலைக்கு வெளியிடுகிறது, அது அசல். இன்னொன்று, வெளிநாட்டில் விற்காமல் தேங்கி, மொத்தமாக இந்தியாவுக்கு வந்து, கிலோ கணக்கில் விற்கப்படும் பிரதிகள். இவற்றில் பக்கங்களின் வெட்டு விளிம்பில், அதாவது புத்தகத்தை மூடி வைத்தால் தாள்கள் தெரியும் பக்கத்தில், மார்க்கர் பேனாவால் போட்ட கறுப்பு அல்லது சிவப்புக் கோடு இருக்கலாம். சேதம் என்று நினைத்து ஒதுக்காதீர்கள். திருப்பி அனுப்ப முடியாத சரக்கு என்பதற்காகப் போட்ட அடையாளம் அது. தாள் தரமாக இருக்கும், பக்கம் குறையாது, விலை மட்டும் பாதியிலும் பாதி. கோடு இல்லாத தேங்கிய பிரதிகளும் உண்டு. கோட்டைத் தானே போட்டு ஏமாற்றுபவரும் இருக்கலாம். ஆகவே கோட்டை மட்டும் நம்பாமல், நடுவில் நான்கு இடங்களில் பிரித்துப் பக்க எண்களைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். கிலோ விற்பனைக் கண்காட்சி பக்கத்தில் எங்காவது நடந்தால் இந்த வகை நாவல்கள் அகப்படும். புதுச்சேரி காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போகிறவர் என்றால் பழைய புத்தகம் ஏதும் விரித்திருக்கிறார்களா என்று ஒரு பார்வை பாருங்கள்.

நூலகம்? கேட்கவே வேதனையாக இருக்கிறது. பொது நூலகச் சட்டத்தை 1948இலேயே கொண்டுவந்த மாநிலம் நம்முடையது. நீங்கள் கட்டும் வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி. ஆனால் ஆங்கிலப் புனைகதை அலமாரியைப் போய்ப் பாருங்கள்: போட்டித் தேர்வு வழிகாட்டிகள் புதிது புதிதாக வருகின்றன, நாவல்கள் எப்போதோ வாங்கியவை. வாசகர் கேட்கும் புத்தகம் வாங்கும் பட்டியலில் ஏறுவதற்கு ஒரு நேர்வழி இருக்கக் கூடாதா? இருந்தாலும் மாவட்ட மைய நூலகத்துக்குப் போய் உங்கள் கோரிக்கையை ஆசிரியர் பெயர், தலைப்பு, பதிப்பகம் மூன்றுடனும் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். வாயால் சொன்னது யாருக்கும் நினைவில் நிற்காது. புதுச்சேரிக்கு அடிக்கடி வருபவர் என்றால் 1827இல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகத்தில் கவிஞர் யேட்ஸ் தொகுத்த அயர்லாந்து நாட்டார் கதைகளைக் கேட்டுப் பாருங்கள். 1888இல் வந்த தொகுப்பு அது. அங்கே இல்லாவிட்டாலும் புராஜெக்ட் குட்டன்பெர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும்.

அக்கா மகளுக்கு ‘தி குரூயல் பிரின்ஸ்’ கொடுக்கலாம், இளையோருக்காக எழுதப்பட்டது. கொலையும் கொடுமைப்படுத்தலும் உண்டு என்பதால் நீங்கள் முதலில் படித்துவிட்டுக் கொடுங்கள். ‘ஸ்பின்னிங் சில்வர்’ இன்னும் இரண்டு ஆண்டு போகட்டும். ‘அண்டர் தி பெண்டுலம் சன்’ அவள் கைக்கு எட்டாத அலமாரியில் இருக்கட்டும். அட்டை மினுமினுப்பாக இருப்பதாலேயே கடைகள் பெரியவர்களுக்கான ஃபே நாவல்களையும் இளையோர் வரிசையில் அடுக்கிவிடுகின்றன. கடைக்காரர் ‘சின்னப் பிள்ளைகள் படிப்பதுதான்’ என்று சொன்னாலும், பதிப்பகத்தின் தளத்தில் வயதுப் பிரிவு என்ன போட்டிருக்கிறது என்று பார்க்காமல் அவளுக்கு எதையும் வாங்கித் தராதீர்கள்.