போனே பண்ணாம எழுதறது ரிப்போர்ட்டிங் ஆகுமா?

கேள்வி: ஒரு நியூஸ் வெப்சைட் டெஸ்க்ல மூணு வருஷமா இருக்கேன். சோஷியல் மீடியால எது ஓடுதோ அதை எடுத்து மாத்தி எழுதிப் போடணும், ஒரு ஷிஃப்ட்டுக்கு பதினஞ்சு ஐட்டம். இதுவரைக்கும் நானா ஒருத்தருக்கு போன் பண்ணி ஒரு தகவல் கேட்டது கிடையாது. இப்ப எல்லார் கையிலயும் கேமரா இருக்கு, ஏஐயும் எழுதுது, வீட்லயே "நியூஸை எல்லாம் யாரு நம்பறா"ன்னு கேக்கறாங்க. இந்த வேலைக்கு இனிமே அர்த்தம் இருக்கா, விட்டுடலாமா?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: தங்கச்சி, உங்க லெட்டர்லயே என்னை ரொம்ப உறுத்தினது அந்த போன் பண்ணதே இல்லங்கற வரிதான். பத்திரிகை வேலையை விடலாமான்னு கேக்கறீங்க, ஆனா அந்த வேலையை உங்களை இன்னும் யாரும் செய்யவே விடலையே. செஞ்சு பாக்காத வேலையை எப்படி விடறது?

உங்க ஆபீஸ் ஏன் இப்படி ஆச்சுன்னு முதல்ல தெரிஞ்சுக்கோங்க, இல்லன்னா தப்பு உங்க மேலன்னு நினைச்சுக்குவீங்க. பேப்பருக்கு வாசகர் குடுத்த காசு எப்பவுமே கொஞ்சம்தான், வரி விளம்பரமும் கடை விளம்பரமும்தான் ரிப்போர்ட்டருக்கு சம்பளம் குடுத்துச்சு, அதுல பெரும்பகுதி இன்டர்நெட்டுக்குப் போனதும் ஆளைக் குறைச்சாங்க. அமெரிக்காவுல மட்டும் பேப்பர் ஆபீஸ்கள்ல செய்திப் பிரிவுல 2008ல சுமார் 71,000 பேர் இருந்தாங்க, 2020ல 31,000 பேர்தான். மிச்சம் இருக்கறவங்க க்ளிக்குக்காக ஓட வேண்டியதாயிடுச்சு. நீங்க போடற பதினஞ்சு ஐட்டம் அங்கேர்ந்து வந்ததுதான்.

எல்லார் கையிலயும் கேமரா இருக்குன்னு சொல்றீங்க, நல்லதுதானே. 2020ல அமெரிக்காவோட மினியாபொலிஸ் நகரத்துல ஒரு போலீஸ்காரர் கழுத்துல முட்டியை வச்சு அழுத்தினதுல ஜார்ஜ் ஃப்ளாய்ட்ங்கற கருப்பினத்தவர் இறந்தப்போ போலீஸ் குடுத்த முதல் அறிக்கைல ஏதோ உடம்பு சரியில்லாம இறந்துட்டார்ங்கற மாதிரிதான் இருந்துச்சு, அங்க நின்னுட்டிருந்த 17 வயசுப் பொண்ணு டார்னெல்லா ஃப்ரேஸியர் போன்ல எடுத்த வீடியோ வரலைன்னா அதுவே செய்தியா நின்னிருக்கும், மறுவருஷம் அங்க பத்திரிகைக்குன்னு பெரிய விருது குடுக்கற புலிட்சர் குழுவே அந்தப் பொண்ணுக்கு தனியா மரியாதை செஞ்சுச்சு. ஆனா அந்த வீடியோவோட வேலை முடிஞ்சிடலையே. கடைங்களோட சிசிடிவி, மத்தவங்க எடுத்த வீடியோ எல்லாத்தையும் நிமிஷக் கணக்குல அடுக்கி, முன்னாடி என்ன நடந்துச்சு, யார் எங்க நின்னாங்கன்னு பத்திரிகைக்காரங்க உக்காந்து சரிபார்த்தாங்க. படம் எடுக்கறவங்க நிறைய ஆக ஆக சரிபாக்கறவங்களுக்கும் வேலை கூடத்தான் செய்யுது. ட்விட்டர்ல 2006லேர்ந்து 2017 வரைக்கும் பரவின செய்திகளை வச்சு செஞ்ச ஒரு ஆய்வு 2018ல சயன்ஸ் இதழ்ல வந்துச்சு, உண்மையைவிட பொய்க்கு ரீட்வீட் ஆகற வாய்ப்பு 70 சதவீதம் அதிகம்னு அதுல சொல்றாங்க, பாட், அதாவது தானா ட்வீட் போடற ப்ரோகிராம், உண்மையையும் பொய்யையும் ஒரே அளவுலதான் பரப்புச்சு, பொய் அதிகமா ஓடினதுக்குக் காரணம் மனுஷங்கதான். ஓடறதை அப்படியே எடுத்து எழுதற டெஸ்க் எந்தப் பக்கம் சாயும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

அப்புறம் கேமராவே போகாத இடம் ஒண்ணு இருக்கு. கலிஃபோர்னியால பெல்னு ஒரு சின்ன ஊர், 37,000 பேர் மாதிரி, பெரும்பாலும் வசதி இல்லாத ஜனங்க. அந்த ஊர் நகராட்சியோட தலைமை அதிகாரி வருஷத்துக்கு கிட்டத்தட்ட 8 லட்சம் டாலர் சம்பளம் எடுத்துட்டு இருந்தார், அந்த நாட்டு ஜனாதிபதிக்கே 4 லட்சம்தான். பல வருஷமா யாருக்கும் தெரியல, ஏன்னா கவுன்சில் மீட்டிங்ல போய் உக்கார ஒரு ரிப்போர்ட்டர் கிடையாது. 2010ல லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ்லேர்ந்து ரெண்டு பேர் போய் சம்பள ஒப்பந்தத்தைக் காட்டுங்கன்னு விடாம கேட்டாங்க, அவ்வளவுதான், மொத்தமும் வெளிய வந்துடுச்சு, அந்த அதிகாரிக்கு 12 வருஷம் ஜெயில். இந்தக் கதைல வீடியோ எதுவும் இல்ல, வைரல் ஆக எதுவும் இல்ல, ஒரு ஆவணத்துல ஒரு நம்பர்தான் இருந்துச்சு. அதைக் கேட்டு வாங்க ஒரு ஆள் வேணும். எனக்கு பத்திரிகைன்னா இதுதான், இதை நான் எத்தனை தடவை வேணும்னாலும் சொல்லுவேன்.

ஏஐ பத்தி நேராவே சொல்லிடறேன். ஏற்கனவே நெட்ல இருக்கறதை மாத்தி எழுதற வேலை போகத்தான் போகுது, அதை மிஷின் உங்களைவிட வேகமா செய்யும். நெட்ல இன்னும் வராததை அதால எழுத முடியாது, எழுதினா கற்பனைதான். அதனால நீங்க பயப்பட வேண்டியது இப்ப செய்யற வேலையைப் பத்தித்தான், இந்தத் துறையைப் பத்தி இல்ல.

உடனே விட்டுடாதீங்க. பதினஞ்சு ஐட்டத்துல தினமும் ஒண்ணே ஒண்ணை மட்டும் ஒழுங்கா பண்ணுங்க. அதுல வர்ற வீடியோவை முதல்ல போட்டது யாரு, எப்ப, அந்தப் படத்தையே நெட்ல போட்டுத் தேடினா பழசா வருதான்னு பாருங்க. அப்புறம் அதுல இருக்கற ஆளுக்கோ சம்பந்தப்பட்ட ஆபீஸுக்கோ போன் பண்ணுங்க. முதல் பத்து பேர் வச்சுடுவாங்க, பரவால்ல, பதினொண்ணாவது ஆள் பேசுவார், பேசினா அவர் நம்பரையும் பேசின தேதியையும் எழுதி வைங்க, ஒரு ரிப்போர்ட்டருக்கு சொத்துன்னா அந்த நோட்டுதான். அதோட யாரும் எட்டிப் பாக்காத ஒரு சின்ன பீட்டை, அதாவது தொடர்ந்து கவனிச்சு எழுதற ஒரு விஷயத்தைப் பிடிச்சுக்கோங்க, குடிதண்ணி, பள்ளிக்கூட கட்டிடம், டெண்டர், நுகர்வோர் வழக்குன்னு எதுவா வேணா இருக்கட்டும். அரசாங்க ஆவணத்தை ஜனங்க கேட்டு வாங்கலாம்னு ஸ்வீடன்ல 1766லயே சட்டம் வந்தாச்சு, இப்ப நிறைய நாட்ல அந்த மாதிரி சட்டம் இருக்கு, மனு போடக் கத்துக்கோங்க.

யாரு நம்பறாங்கன்னு வீட்ல கேக்கறது நியாயமான கேள்விதான், அவங்ககிட்ட கோபப்படாதீங்க. தப்பான செய்தியை முதல் பக்கத்துல போட்டுட்டு திருத்தத்தை மூலையில போட்டதெல்லாம் நாமதானே. எழுதற ஒவ்வொண்ணுலயும் இதை யார் சொன்னாங்க, எந்த ஆவணத்தைப் பாத்தோம், எது இன்னும் உறுதியாகலன்னு நேரடியா எழுதிடுங்க. "தொடர்பு கொள்ள முடியவில்லை"ங்கற வரியை நிஜமாவே போன் பண்ணியிருந்தா மட்டும் போடுங்க.

தனியா என்ன பண்ண முடியும்னு தோணுச்சுன்னா பனாமா பேப்பர்ஸை நினைச்சுக்கோங்க, பணக்காரங்களும் அரசியல்வாதிங்களும் வெளிநாட்டுக் கம்பெனிங்க பேர்ல சொத்தை மறைச்சு வச்சதைக் காட்டின கசிஞ்ச ஆவணங்கள் அது. 1 கோடியே 15 லட்சம் ஆவணம், பல நாட்ல 350க்கும் மேல பத்திரிகையாளர்கள், சுமார் ஒரு வருஷம் வெளிய மூச்சு விடாம பகிர்ந்து படிச்சு 2016ல ஒரே நாள்ல வெளியிட்டாங்க. முன்னாடி எல்லாம் போட்டி பேப்பர்காரனுக்கு ஒரு வரிகூட காட்ட மாட்டாங்க, இப்ப அது மாறிடுச்சு. வேற ஆபீஸ்ல உங்களை மாதிரியே டெஸ்க்ல மாட்டிட்டு இருக்கறவங்க கண்டிப்பா இருப்பாங்க, ஒரு ஆவணத்தை ரெண்டு பேரா சேந்து படிங்க.

நாலஞ்சு மாசத்துல சொந்தமா ஒரு செய்தி தேறும். அதை எடிட்டர்கிட்ட குடுத்து வாரத்துல ஒரு நாள் டெஸ்க்லேர்ந்து விடுவிச்சு அனுப்பச் சொல்லிக் கேளுங்க, வாயால கேக்காம மெயில்ல கேளுங்க. குடுத்தா இருங்க. ஐட்டம் கணக்கு மட்டும்தான் வேணும்னு சொன்னாங்கன்னா அந்த ஆபீஸை விட்டுட்டு, அந்த ஒரு செய்தியையும் உங்க நோட்டையும் எடுத்துட்டு, சின்னதா இருந்தாலும் ரிப்போர்ட்டரை வெளிய அனுப்பற இடமா பாத்துப் போய்ச் சேருங்க.